ஐந்து நிமிடப் புரதம்: எலியின் உடம்பில் ஆக்சிஜன் பஞ்சத்தை அளந்த கதை

அண்ணாமலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. மலை ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது இதனால் இல்லை, ஏற்றத்தால்தான். 9 சதவீதமெல்லாம் உடம்புக்கு ஒரு பொருட்டே அல்ல.

லடாக்கில் இருக்கும் லே நகரம் வேறு கதை. 3,500 மீட்டர் உயரம், கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு காணோம். விமானத்தில் போய் இறங்குகிறவர்களில் பலருக்கு முதல் நாளே தலை வலிக்கும், சாப்பாடு பிடிக்காது, தூக்கம் வராது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் சரியாகிவிடும். மாத்திரை போட்டுத்தான் சரியாக வேண்டும் என்றில்லை, உடம்பே சரிசெய்துகொள்கிறது. மூச்சு ஆழமாகிறது. வாரங்கள் போகப்போகச் சிவப்பணுக்கள் கூடுகின்றன.

ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மூன்று பேருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாச்சு. நான் எழுத நினைப்பது அதன் பின்கட்டைப் பற்றி. அந்தப் பதிலுக்காக முயல்களையும் எலிகளையும் வைத்து நூறு வருஷத்துக்கு மேலாக எதையோ அளந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அளந்தது எப்படி, அளந்ததில் எது நம்பத்தக்கது என்பதுதான் விஷயம்.

எலியே தராசு

1906, பாரிஸ். பால் கார்னோ என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர் க்ளோடில்ட் தெஃப்லாந்தரும் ஒரு முயலின் ரத்தத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்தார்கள். ரத்தம் இழந்த அந்த முயலின் சீரத்தை இன்னொரு நல்ல முயலுக்கு ஏற்றினார்கள். இரண்டாவது முயலுக்குச் சிவப்பணு கூடியது என்று அறிவித்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் 'இன்னும் சிவப்பணு வேண்டும்' என்று செய்தி கொண்டுபோகிறது என்பது அவர்கள் வாதம்.

யோசனை சரிதான். ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலருக்கு வரவில்லை. அந்தப் பொருள் ரத்தத்தில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். கொஞ்சம் சீரத்தில் அதைப் பார்ப்பதே கஷ்டம்.

1950இல் குர்ட் ரைஸ்மன் வேறு வழி கண்டுபிடித்தார். இரண்டு எலிகளை அறுவை செய்து உடம்போடு உடம்பாக ஒட்டிவிட்டார், இரட்டையர் மாதிரி. ஒன்றுக்கு மட்டும் ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தார். நல்ல காற்றைச் சுவாசித்த எலியின் எலும்பு மஜ்ஜையிலும் சிவப்பணு உற்பத்தி சூடு பிடித்தது. செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது என்று உறுதியானது. 1953இல் ஆலன் எர்ஸ்லெவ், ரத்தசோகை உண்டாக்கிய முயல்களின் பிளாஸ்மாவைப் பெரிய அளவில் ஏற்றி, கார்னோ சொன்னதை நிரூபித்தார். 1957இல் சிகாகோவில் ஜேக்கப்சன், கோல்ட்வாசர் குழு எலிகளில் ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் பார்த்தது. சிறுநீரகத்தை எடுத்தபோது மட்டும் அந்தச் செய்தி நின்றுபோனது.

அந்தப் பொருளுக்கு எரித்ரோபொயட்டின் என்று பெயர். சிவப்பணுவை உண்டாக்குவது என்று அர்த்தம். சரி, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டுமே? அன்றைக்கு அதற்கு எந்தக் கருவியும் கிடையாது. 1961இல் இங்கிலாந்தில் கோட்ஸ், பாங்கம் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். சுண்டெலிகளை அழுத்தம் குறைந்த காற்றில் நாள்கணக்கில் வைப்பார்கள். அவற்றுக்குச் சிவப்பணு ஏகத்துக்கும் பெருகிவிடும். பிறகு சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்தால், 'போதும் போதும்' என்று எலியின் உடம்பு தன் சொந்த எரித்ரோபொயட்டினை நிறுத்திவிடும். அந்த நேரம் பார்த்துச் சோதிக்க வேண்டிய மாதிரியை ஊசியில் ஏற்றுவார்கள். கூடவே கதிரியக்க இரும்பும் கொடுப்பார்கள். புதுச் சிவப்பணுவுக்குள் எவ்வளவு இரும்பு போயிருக்கிறது என்று பார்த்தால், மாதிரியில் எவ்வளவு எரித்ரோபொயட்டின் இருந்தது என்று கணக்குப் போடலாம்.

அதாவது எலியே தராசு. ஒரு எலி ஒரு மாதிரி நடந்துகொள்ளும், இன்னொன்று இன்னொரு மாதிரி. அதனால் ஒரே ஒரு அளவுக்குப் பல எலிகள் வேண்டும். 1977இல் மியாக்கே, குங், கோல்ட்வாசர் மூவரும் ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்த பிறகுதான் அதற்கு ஆன்டிபாடி தயாரித்துச் சோதனைக் குழாயிலேயே அளக்க வழி பிறந்தது. தராசு வேலையிலிருந்து எலிகளுக்கு மெல்ல மெல்ல விடுதலை கிடைத்தது.

லடாக்கும் டில்லியும்

நம் நாட்டில் இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, போரிலிருந்து வந்தது. 1962இல் சீனாவுடன் சண்டை. சமவெளியில் பழகிய சிப்பாய்களை அவசர அவசரமாக இமயமலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பலர் குண்டு படாமலே படுத்துவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்தது, மூளை வீங்கியது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் 1,925 இந்தியச் சிப்பாய்களின் மலைநோயைப் பதிவுசெய்து 1969இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயர்மலை நோய் பற்றிய ஆய்வில் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது.

அதே 1962இல்தான் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. சுருக்கமாக டிபாஸ் என்பார்கள். அங்கே எலிகளை அழுத்தம் குறைக்கும் அறைகளில் வைத்து இமயமலையை டில்லிக்குக் கொண்டுவந்தார்கள். அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் போதும், எலியைப் பொறுத்தவரை அது மலை உச்சிதான். இந்த ஆய்வுகளில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. ஜி. இளவழகன் இடம்பெற்ற குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், 6,100 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் எலிகளைச் சில நாட்கள் வைத்து மூளையில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைப் பார்த்தார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதிகூட இல்லை.

ஓட்டைக் குடம்

எரித்ரோபொயட்டின் ஒரு வேலையாள் மட்டும்தான். 'ஆக்சிஜன் குறைகிறது, வேலையை ஆரம்பி' என்று அதற்கு உத்தரவு கொடுப்பது யார்?

1992இல் அமெரிக்காவில் கிரெக் செமென்சாவும் குவாங் வாங்கும் எரித்ரோபொயட்டின் மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பதைக் காட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்தால் மட்டுமே அது தென்பட்டது. எச்.ஐ.எஃப்-1 என்று பெயர் வைத்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையில் தூண்டப்படும் காரணி என்பது அதன் பொருள். 1995இல் அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டு சேர்ந்தது என்று தெரிந்தது. பீட்டா எப்போதும் இருக்கும். ஆக்சிஜனுக்கு ஏற்றபடி கூடிக் குறைவது ஆல்ஃபாதான்.

எப்படிக் கூடிக் குறைகிறது என்பதில்தான் வேடிக்கையே. செல் ஆல்ஃபாவை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. தயாரித்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் விடாமல் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஆக்சிஜன் இருக்கும்வரை குடத்தில் ஓட்டை இருக்கும். ஆக்சிஜன் போனால் ஓட்டை அடைபடும், குடம் நிரம்பும்.

ஓட்டையின் ரகசியத்தை ஆக்ஸ்ஃபோர்டில் சிறுநீரக மருத்துவரான பீட்டர் ராட்கிளிஃப்பும், பாஸ்டனில் புற்றுநோய் ஆய்வாளரான வில்லியம் கேலினும் தனித்தனியே அவிழ்த்து 2001இல் வெளியிட்டார்கள். ஆல்ஃபாவில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இரண்டு இடங்களில், 402, 564 என்ற எண்ணிடங்களில், ஒரு நொதி ஆக்சிஜனை எடுத்து ஒட்டுகிறது. அது மரண முத்திரை. அதைப் பார்த்ததும் வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் வந்து பிடித்துச் செல்லின் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் முத்திரை குத்த மையில்லை. ஆல்ஃபா பிழைத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான எண்ணுக்கு வருகிறேன். ஆக்சிஜன் திரும்பிவந்தால், வளர்ப்புச் செல்களில் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவில் பாதி அழிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எலி கீழே இறங்குவதற்குள்

இந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அந்த அழுத்த அறையை மறுபடி யோசித்துப் பாருங்கள். எலி 6,100 மீட்டர் 'உயரத்தில்' இருக்கிறது. அதன் மூளையிலும் சிறுநீரகத்திலும் ஆல்ஃபா ஏறியிருக்கிறது. ஆய்வாளர் வால்வைத் திறந்து காற்றை மெதுவாக உள்ளே விடுகிறார். சட்டென்று திறக்க முடியாது, எலியின் காது வலிக்கும். கதவைத் திறந்து, எலியைப் பிடித்து, மயக்கமருந்து கொடுத்து, உறுப்பை வெட்டி எடுப்பதற்குள் எத்தனை நிமிடம் ஆகும்? எலி நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. அளக்கப்போன பொருள் அளப்பவர் கையிலேயே கரைந்துபோகிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் குறைக்காத ஒப்பீட்டு எலியைக் கொன்ற மறுகணம் ரத்த ஓட்டம் நின்றுபோகும். திசு சாதாரணச் சூட்டிலேயே கிடந்தால் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும், இல்லாத ஆல்ஃபா புதிதாக ஏற ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் இருப்பது குறைகிறது, இன்னொரு பக்கம் இல்லாதது கூடுகிறது. இரண்டு குழுவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அழிந்துவிடும்.

அதனால்தான் தெரிந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தே வேலை செய்வார்கள். முடிந்தால் எலி குறைந்த ஆக்சிஜனில் இருக்கும்போதே உறுப்பை எடுப்பார்கள். எடுத்த வினாடியே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுவார்கள். அரைக்கும்போது எல்லாம் பனிக்கட்டி மேல். கரைசலில் புரதத்தைத் தின்னும் நொதிகளைத் தடுக்கும் மருந்து இருக்கும், புரோலினில் முத்திரை குத்தும் நொதியை முடக்கும் மருந்தும் இருக்கும். ஆல்ஃபா வேலை செய்வது செல்லின் உட்கருவில் என்பதால் உட்கருப் பகுதியைத் தனியே பிரிப்பதும் உண்டு.

பிறகுதான் அளவு. வழிகள் இரண்டு. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதங்களை எடைவாரியாக ஓடவிட்டு, ஆன்டிபாடியால் தேடி, கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆல்ஃபாவில் 826 அமினோ அமிலங்கள், கணக்குப்படி எடை சுமார் 93 கிலோ டால்டன். ஆனால் கோடு விழுவது 120க்குப் பக்கத்தில். இது தெரியாதவர் 93இல் தெரியும் ஏதோ ஒரு கோட்டைப் பார்த்து 'கிடைச்சாச்சு' என்று எழுதிவிடலாம். பீட்டாவும் ஏறக்குறைய அங்கேதான் ஓடுகிறது என்பது கூடுதல் சங்கடம்.

இரண்டாவது வழி எலைசா. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒரு ஆன்டிபாடி அடியில் ஒட்டியிருக்கும், அது புரதத்தைப் பிடிக்கும். இன்னொன்று மேலே வந்து உட்காரும், நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். கைக்கு எளிது, எண் நேராக வந்துவிடும். ஆனால் அது காட்டுவது வெறும் நிறத்தைத்தான். பிடித்தது நம் புரதமா வேறெதுவுமா என்று தட்டு சொல்லாது. மனிதப் புரதத்துக்குத் தயாரித்த ஆன்டிபாடி எலியுடையதைச் சரியாகப் பிடிக்கிறதா என்று தனியே சோதிக்க வேண்டும். கோபால்ட் குளோரைடு கொடுத்தால் ஆக்சிஜன் இருந்தாலும் ஆல்ஃபா தங்கும். அப்படித் தயாரித்த மாதிரியை ஒரு குழியில் வைத்துப் பார்த்தால் தட்டு உண்மை பேசுகிறதா என்று தெரியும்.

எலைசா எளிது என்பதால் இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது. எலியின் சீரத்தில் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா இத்தனை பிக்கோகிராம் என்று பல கட்டுரைகளில் பார்க்கலாம். இது எனக்கு நெருடுகிறது. உட்கருவில் வேலை செய்யும் புரதம், ஐந்து நிமிடத்தில் கரையும் புரதம், ரத்தத்தில் எப்படி மிதக்கும்? உடைந்த செல்களிலிருந்து கசிந்திருக்கலாம். அப்படியானால் அந்த எண் செல் உடைந்ததைச் சொல்கிறதா, ஆக்சிஜன் குறைந்ததைச் சொல்கிறதா? சீரம்தான் கையில் இருக்கிறது என்றால் எரித்ரோபொயட்டினை அளப்பது மேல். அது ரத்தத்தில் போவதற்கென்றே பிறந்த புரதம், நிமிடக்கணக்கில் மறையாது. 1906இல் பாரிஸ் முயலின் சீரத்தில் தேடிய அதே பொருள்தான்.

நேரம் இன்னொரு விதத்திலும் விளையாடுகிறது. 2001இல் வெளியான ஸ்ட்ரோக்கா குழுவின் ஆய்வில் சுண்டெலிகளுக்கு 6 சதவீத ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் ஆல்ஃபா ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிட்டது. மூளையில் உச்சம் வர நான்கைந்து மணி நேரம் ஆனது. ஆக்சிஜன் இன்னும் குறைவாகவே இருக்கிறது, புரதம் மட்டும் இறங்கிவிட்டது! ஏழாம் நாள் ஒரே ஒரு தடவை அளந்து 'மாற்றம் இல்லை' என்று எழுதினால், படம் முடிந்த பிறகு தியேட்டருக்குள் போன கதைதான்.

வீணான மாதிரி

இதையெல்லாம் வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாதிரி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஒவ்வொரு மாதிரியும் ஒரு உயிர். நான் இருக்கும் ரமணாசிரமம் பகுதியில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆசிரமத்துக்குள் 1948இல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் இருக்கிறது. எலிகளைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஆய்வுகளால் பிழைத்தவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நம் ஊர் நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி, எலிகளும் முயல்களும் கொடுத்தது. அந்தப் புரோலின் நொதியைத் தடுத்து உடம்பையே எரித்ரோபொயட்டின் சுரக்கவைக்கும் மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான டெசிடுஸ்டாட் இந்திய நிறுவனம் ஒன்று உருவாக்கியது, 2022இல் இங்கே அனுமதி பெற்றது.

ஆனால் கொன்ற பிறகு அந்த எலி சொன்னதைக் கேட்காமல் விட்டால்? உறுப்பு பத்து நிமிடம் மேசையில் கிடந்தது என்றால் அந்த எலி எதற்கும் சாகவில்லை. அதைவிட மோசம், அது தப்பான எண்ணைச் சொல்லிவிட்டுச் செத்தது. அந்த எண்ணை நம்பி அடுத்த ஆய்வகம் இன்னும் முப்பது எலிகளை வாங்கும்.

நம் சட்டம் இதை யோசித்திருக்கிறது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், சென்னை கலாக்ஷேத்ராவை நிறுவியவர், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு அரசு தானே சட்டம் கொண்டுவருவதாக உறுதி சொன்னது. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. டிபாஸ் தொடங்கிய அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் விலங்குச் சோதனையைத் தடைசெய்யவில்லை. மேற்பார்வைக்குக் குழு வை, தவிர்க்க முடிந்தால் தவிர், மயக்கம் கொடுத்துச் செய், கைப்பழக்கத்துக்காகச் செய்யாதே என்கிறது. குழு 1964இல் அமைந்தது. 1998இல் அதற்குப் புத்துயிர் கொடுத்து விதிகளும் வகுத்தார்கள். இன்றைக்கு எந்த ஆய்வகமும் எலி எண்ணிக்கைக்குக் காரணம் எழுதிக் கொடுக்காமல் ஆரம்பிக்க முடியாது.

எத்தனை எலி என்று கேட்கிறார்கள், நல்லது. கொன்றதிலிருந்து உறைய வைப்பதுவரை எத்தனை வினாடி என்றும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதல் கேள்வி கருணை என்றால் இரண்டாவதும் கருணைதான். நன்றாக அளந்தால் குறைந்த எலிகள் போதும்.

கொல்லாமலே அளக்கும் வழியும் வந்திருக்கிறது. 2006இல் கேலின் குழு ஒரு சுண்டெலியை உருவாக்கியது. ஆல்ஃபாவில் முத்திரை விழும் பகுதியை எடுத்து, மின்மினிப்பூச்சியின் ஒளி தரும் நொதியோடு ஒட்டி, எலியின் மரபணுவில் வைத்தார்கள். முத்திரை குத்தும் நொதி முடங்கினால் எலியின் உடம்பிலிருந்து மெல்லிய ஒளி வரும், கேமராவில் பார்க்கலாம். இன்றைக்குப் பார்த்த எலியையே நாளைக்கும் பார்க்கலாம். எல்லாக் கேள்விக்கும் இது உதவாது, ஒட்டவைத்த துண்டு முழுப் புரதமும் அல்ல. இருந்தாலும் இரண்டு எலிகளைச் சேர்த்துத் தைத்த 1950இலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம்.

அடுத்த முறை 'எலிகளில் எச்.ஐ.எஃப் இத்தனை மடங்கு கூடியது' என்று ஒரு கட்டுரையோ செய்தியோ கண்ணில் பட்டால், செய்முறைப் பகுதிக்குப் போய் நான்கு விஷயம் பாருங்கள். எந்தத் திசு, எத்தனையாவது மணி நேரம், எவ்வளவு சீக்கிரம் உறைய வைத்தார்கள், ஆன்டிபாடி சரியாகப் பிடிக்கிறது என்று எப்படிச் சோதித்தார்கள். நான்கும் எழுதியிருந்தால் நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம். எழுதவில்லையென்றால், அந்த எண்ணை நான் என் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.